நடைமேடையில் ஒரு ஜோடி

ஜப்பானுக்கு ரயில் புதிதாக வந்திருந்த காலம். காலை ரயில் கிளம்பிய பிறகு நடைமேடையில் மரச்செருப்புகள் கிடக்கும். வீட்டுக்குள் நுழைவதுபோல் ஜனங்கள் கழற்றிவைத்துவிட்டு ஏறிவிடுவார்கள். பிரபுவிடம் வாள்வீரராக இருந்து இப்போது ரயில்வே சிப்பந்தியாகிவிட்ட கிசாபுரோ அவற்றை அடுத்த வண்டியில் அனுப்பிவைப்பார்.

இன்று கிடந்த ஒரே ஜோடி அவருடையது. வேலையில் சேர வந்த அன்று, ஊரில் ரயிலேறும்போது அவரே அப்படி விட்டுவந்தது, எப்படியோ இங்கே வந்திருந்தது. மூன்று வருஷமாகியும் அதில் ஊர் வயலின் சேறு ஈரமாக இருந்தது.

“சர்க்கார்ல வாளைத்தான் வாங்கிட்டாங்க, காலையுமா வாங்கிட்டாங்க எசமான்? மாட்டிக்கிட்டு ஊருக்குக் கிளம்புங்க!” என்று சிரித்தாள் தேநீர் விற்கும் ஒமினே.

உட்கார்ந்து அரசாங்க பூட்ஸை இழுத்தார், கழலவில்லை. கத்தியை எடுத்து பூட்ஸின் மேல்தோலில் லேசாகக் கீறினார். பூட்ஸிலிருந்து ரத்தம் கசிந்தது.

அடுத்த வண்டி ஊதியது. கொடியோடு எழுந்து விறைப்பாக நின்றார். மரச்செருப்புகள் நிலைய வாசலைப் பார்த்து ஓரடி முன்னே போயிருந்தன.