காவிப் பட்டை

பெஹாலாவில் எங்களுக்குக் கீழ்வீட்டில் இருக்கும் சேஷாத்ரி, வங்கியில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பதவி வளர்ந்த அளவுக்குப் புத்தி வளரவில்லை. ஒவ்வொரு மழைக்காலத்திலும் அவர் கூடத்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். வடிந்த பிறகு சுவரில் பழுப்பாக ஒரு கோடு தங்கும்.

வீட்டை விற்க நினைத்தவர், அந்தக் கோட்டின் மேலேயே காவிப் பட்டை அடித்தார். பார்க்க வந்த வங்காளித் தம்பதியிடம், "கல்யாணம்னா எங்க பக்கம் இப்படி அடிப்போம், ரொம்ப மங்களம்" என்றார். அவர்களும் தலையாட்டினார்கள். அவர்கள் புத்தியும் அவ்வளவுதான்.

மறுநாள் பட்டைக்கு ஒரு சாண் மேலே புதுக்கோடு இருந்தது. நல்ல சித்திரை வெயில், சொட்டு மழையில்லை. அதன் மேலும் காவி அடித்தார். இன்னொன்று வந்தது. அடித்து அடித்துக் கூடம் கோயில் மதில் மாதிரி ஆனது. கடைசிக் கோடு கூரையை ஒட்டி வந்தது.

"மாமி, தொட்டுப் பாருங்கோ, ஈரமே இல்லை" என்றார்.

"நீங்களே தொட்டுண்டு இருங்கோ" என்று சொல்லிவிட்டு மாடியேறினேன். மாடியில் இருப்பவளுக்குத் தண்ணீரைப் பற்றி என்ன கவலை?

இன்று காலை எங்கள் கூடத்துச் சுவரில், என் தோள் உயரத்தில், பழுப்புக் கோடு ஓடியது. அதில் ஒட்டியிருந்த ஆகாயத்தாமரை வேரிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

வீட்டுத் தரகருக்குப் போன் செய்தேன். பிறகு கீழே போய், காவி மிச்சம் இருக்கிறதா என்று சேஷாத்ரியிடம் கேட்டேன்.