டாக்டருக்கு ஒரு நன்றி

2024 மார்ச் 12, ஆண்டர்சன்பேட்டை. தேவநேசனை அடக்கம் செய்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

கணவனின் மடிக்கணினியில் லில்லி டாக்டருக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதியிருந்தாள்: ‘நான் கேட்டுக்கொண்டபடி, நோய் கொலாஞ்சியோகார்சினோமா என்பதைக் கடைசிவரை அவரிடம் மறைத்தீர்கள். நிம்மதியாகப் போனார்.’

கொழுந்தன் சாம்சன் அதே மடிக்கணினியின் கறுப்புத் திரையில் எழுத்துப்பிழை பார்க்கும் கட்டளையை ஓடவிட்டான். தெரியாத சொல் வந்தால் அது நின்று கேட்கும். டாக்டர் பெயரில் நின்றது. பித்தநாளப் புற்றுநோயின் அந்த நீளப் பெயரை நிற்காமல் தாண்டியது.

“இவ்ளோ பெரிய பேரு அதுக்கு எப்படித் தெரியும், சாம்சன்?”

“தானா தெரியாது அண்ணி. யாராச்சும் முன்னாடியே இந்த லேப்டாப்போட டிக்சனரில சேர்த்து வச்சிருக்கணும்.”

“நீ சேர்த்தியா?”

“இன்னா அண்ணி, அண்ணன் இத யாரைத் தொட வுட்டாரு?”

லில்லி கடிதத்தின் கடைசி வரியை அழித்தாள்.