மாஸ்க் பட்டியல்

“சரி மேடம்.”

காலையிலிருந்து இது நாற்பதாவது ‘சரி’. நூல் அறுந்தே கிடந்தது.

நூல் மில்லின் மிஷின் இரைச்சலில், புதிதாகச் சேர்ந்த பாண்டிதுரையின் காதருகே போய் வெங்கடேஸ்வரி மறுபடி கத்தினாள். முனையைப் பிடிக்க வேண்டும், வளையத்தில் மாட்ட வேண்டும், மேலே இழுத்து ரோலரில் ஒட்ட வேண்டும். சொல்லிக்கொண்டே செய்தும் காட்டினாள்.

அவள் கத்தும்போதெல்லாம் அவர் காதை விலக்கிக்கொண்டு எதிரே வந்து நின்றார்.

“மூஞ்சிய என்னத்தப் பாக்குறீக? கையப் பாருங்கண்ணே!”

“சரி மேடம்.” முகத்தைத்தான் பார்த்தார்.

பக்கத்து மிஷின் மாரிசெல்வி மாஸ்க்கை இறக்கிவிட்டு அவள் காதில் சொன்னாள். “அக்கா, அண்ணாச்சி கண்ணுக்கு நூலு தெரியல, நீங்கதான் தெரியுதீக.”

இந்தச் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது. ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டார்.

“ஏட்டி, மாஸ்க்க ஏத்து. பேரு போர்டுல ஏறணுமா?”

மாஸ்க்கை இறக்கியவர்களின் பட்டியலைத் தினமும் போர்டில் ஒட்டுகிறவள் வெங்கடேஸ்வரிதான். சூப்பர்வைசரான நாளிலிருந்து ஒருவரையும் விட்டதில்லை.

பாண்டிதுரைக்கு ஊர் சோழபுரம். பட்டாளத்தில் பீரங்கிப் பிரிவு, பதினேழு வருடம். கேட்டில் செக்யூரிட்டி வேலை கொடுத்தபோது, போன் எடுக்கிற வேலை வேண்டாம், மிஷின் போதும் என்றவர். ஆபீஸில் கேட்ட கேள்விக்கெல்லாம் பட்டென்று பதில் சொன்னவர். இதற்கு முன் இரண்டு மில்லில் மூன்றாம் நாளே அனுப்பிவிட்டார்களாம். ஏனென்று இப்போது புரிந்தது.

இங்கும் இது மூன்றாம் நாள். ஷிப்ட் முடிவதற்குள் பயிற்சிப் படிவத்தில் அவள் எழுத வேண்டும். தேறினார், அல்லது தேறவில்லை.

படிவத்தை எடுத்தாள். மாஸ்க்குக்குள் பல்லைக் கடித்தாள்.

“நாளையிலருந்து வர வேண்டாம்ணே. வீட்டுலயே இருங்க.”

“சரி மேடம்.” சிரித்த முகத்துடன் நின்றார்.

பேனா நின்றது. பீரங்கி, போன், மாஸ்க் போடாத ஆபீஸ்.

மாஸ்க்கைத் தாடைக்குக் கீழே இறக்கினாள். குரலே எழுப்பவில்லை. உதட்டை மட்டும் அசைத்தாள்.

முனையப் பிடிங்கண்ணே.

பிடித்தார்.

வளையத்துல மாட்டுங்க.

மாட்டினார். இரண்டு முறை நழுவியது. மூன்றாவது முறை நூல் ஒட்டிக்கொண்டு ஓடியது.

அவர் சிரிக்கவில்லை. அவள் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தார்.

‘தேறினார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அன்றைய மாஸ்க் பட்டியலில் இரண்டு பெயர். மாரிசெல்வி. வெங்கடேஸ்வரி, சூப்பர்வைசர்.

மறுநாள் ஒரே பெயர், சூப்பர்வைசருடையது.