தேவாங்கு தேடிய இலை

பெரிய தேக்கு மரம் ஒன்று. எந்தக் காடு என்று கேட்காதீர்கள், கதைக்கு அது வேண்டாம். தெரிந்ததை யார் வேண்டுமானாலும் அதன் இலைகளில் எழுதலாம், தப்பை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். லட்சம் இலை சேர்ந்துவிட்டது. ஒன்றைத் தேடினால் கழுத்துவலிதான் மிச்சம்.

வெளிக்காட்டுத் தையல்சிட்டு ஒன்று நூலோடு வந்தது. ஒரே விஷயம் பேசும் இலைகளைத் தைத்து இணைத்துவிட்டால், நூலைப் பிடித்தபடியே தேடலாம். ஆனால் வெளியார் சரக்கை, மரத்துக்குக் காவலிருக்கும் தேவாங்கு சோதித்து அனுமதிக்க வேண்டும்.

தேவாங்கு நூலை இழுத்தது, நனைத்தது, கடித்தது. இரண்டு மழைக்காலம் போயிற்று.

"இன்னும் என்னண்ணே? இந்த மழைக்கும் ஆகலேன்னா நூலைச் சுருட்டிக்கிட்டு ஊருக்கே போயிடுவேன்."

"கோவிச்சுக்காதே தங்கச்சி. நூல்ல குறையே இல்ல. ஆனா அனுமதி விதியைப் பார்க்காம தலையாட்ட முடியாது. அது எழுதின இலையைத்தான் தேடிட்டிருக்கேன்."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா."

சிட்டுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. "சோதனைக்குன்னு நாலு தையல் போடலாமா?"

"சோதனைன்னா தாராளமா போடு."

அனுமதி பற்றிப் பேசும் இலைகளையெல்லாம் சிட்டு மளமளவென்று தைத்துக்கொண்டே போனது. தேவாங்கு நூலைப் பிடித்தபடி பின்னால் நகர்ந்தது. ஏழாவது இலையில் விதி இருந்தது: 'சோதிப்பவர் ஒருமுறையாவது தானே பயன்படுத்திப் பார்த்திருக்க வேண்டும்.'

தேவாங்கு தன் கையிலிருந்த நூலைப் பார்த்தது.

"பார்த்தாச்சு," என்றது. "மரம் முழுக்கத் தைச்சுக்கோ. இந்த இலையில மட்டும் ரெண்டு தையல் கூடுதலாப் போடு."