முன்வரிசை

"வாய்ப்புண்ணுக்குத் தடவுற ஜெல் எத்தனை இருக்கோ அத்தனையும் குடுங்க" என்றாள் அவள்.

மருந்துக் கடைக்காரர் முகமெல்லாம் சிரிப்பானார். "வாங்கம்மா! வாராவாரம் நீங்க வழிச்சுத் துடைச்சு வாங்கிட்டுப் போயிடுறீங்களே, அதான் இந்தத் தடவை ரெண்டு மடங்கா ஆர்டர் போட்டுட்டேன். பாருங்க, முன்வரிசையிலேயே அடுக்கி வெச்சிருக்கேன்."

அவள் பார்த்தாள். முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

"குழந்தைக்கு இன்னுமா ஆறல? என்ன வயசு?"

"ஒண்ணரை."

"ஆறு மாசமா ஒண்ணரைன்னுதானேம்மா சொல்றீங்க!"

"இனிமே எப்பவும் ஒண்ணரைதான்."

பில் போட்ட கை நின்றது.

"உங்ககிட்ட வாங்கின முதல் ட்யூபை மட்டும்தான் பிரிச்சேன். புண்ணு மேல தடவினேன். கொஞ்ச நேரத்துல உதடெல்லாம் நீலமாயிடுச்சு. மத்ததெல்லாம் வேற யாரும் வாங்கிடக் கூடாதேன்னு வாங்கினது. பிரிக்கவே இல்ல."



அவளுக்குப் பின்னால் ஒரு குழந்தை சிணுங்கியது. அதைத் தோளில் போட்டிருந்தவர் கடை மேசைக் கண்ணாடியைத் தட்டினார்.

"அண்ணே, பாப்பாவுக்கு வாய்ப்புண். முன்னாடி அடுக்கியிருக்கீங்களே, நல்லாப் போகுது போல, அதுலயே ஒண்ணு குடுங்க."