பணிவான இரண்டு தோட்டாக்கள்

காட்டெருமை வேட்டைக்கு எந்தத் துப்பாக்கி என்று முடிவாகாமல், வேட்டைக்காரர் துப்பாக்கிக்கு ஒன்றாக, ஒல்லியும் பருமனுமான இரண்டு தோட்டாக்களை மேசைமேல் நிறுத்திவைத்து யோசித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில், போன வருடம் சுடப்பட்ட தோட்டா ஒன்று வெறும் கூடாகிப் பல்குச்சிகளைச் சுமந்து நின்றது. அதைப் பார்த்த ஒல்லித் தோட்டாவுக்கு வயிற்றில் வெடிமருந்து கலங்கியது.

“எருமை எலும்புக்கு அண்ணன்தான் சரி. என் குறுக்களவுக்கு மான் சாய்ந்தாலே அதிசயம்,” என்றது பணிவாக.

“நீ வேற, தம்பி. என்னைச் சுட்டால் சுடுகிறவர் தோள்பட்டை இறங்கிவிடும். குறி தப்பாமல் போவதில் உன்னை மிஞ்ச ஆளுண்டா?” என்றது பருத்த தோட்டா, அதைவிடப் பணிவாக.

வேட்டைக்காரர் பெருமூச்சுவிட்டு எழுந்தார். இரண்டு துப்பாக்கிகளையும் தோளில் மாட்டிக்கொண்டார். இரண்டு தோட்டாக்களும் ஒரே சட்டைப்பையில் விழுந்தன.

காடு வரும்வரை யாரும் யாரையும் புகழவில்லை.