குளியலறைக் கதவு

"கதவைத் திறக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

குளியலறையிலிருந்து பாய்ந்து வந்தார் கணக்கு வாத்தியார். கையில் சொட்டச் சொட்ட ஒரு தாள். தார் ரோடு மாதிரி முழுக்கக் கறுப்பு.

"சோப்பு எடுக்க வந்தேங்க" என்றாள் மனைவி.

"நேத்து துண்டு. முந்தாநாள் பல்லி! உள்ளே பல்லி இருக்கான்னு பார்க்க வந்தியாம்! சிவப்பு விளக்கைத் தவிர வேற வெளிச்சம் பட்டா தாள் கறுத்துடும்னு தலைபாடா அடிச்சுக்கறேன். இது எட்டாவது!"

"மறந்துட்டேன்."

"நான் போடறதே உன் படம்தான். உன் மூஞ்சியில நீயே கரி பூசிக்கறியே!"

வாத்தியாரின் ஆத்திரம் நியாயமானதுதான். ஸ்டூடியோக்காரரிடம் கறுப்பு வெள்ளைப் படம் பிரிண்ட் போடப் பழகுகிறார். ஞாயிற்றுக்கிழமை ஸ்டூடியோவிலேயே கண்காட்சி. கூடப் படிக்கும் பல் டாக்டர் மூன்று படம் மாட்டிவிட்டார். வாத்தியாருக்கு ஒதுக்கிய ஆணி மட்டும் மொட்டையாக நிற்கிறது.

குளியலறைத் தாழ்ப்பாள் கழன்று ஒரு மாதமாகிறது. சரி பண்ண வேண்டியவர் வாத்தியார்தான், அது வேறு விஷயம். வாளியை முட்டுக் கொடுத்துப் பார்த்தார். அந்த அம்மாள் வாளியையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை மனைவியை ஸ்டூடியோவுக்கே இழுத்துக்கொண்டு போனார்.

"சார், நீங்களே கேளுங்க. இவ இருக்கிற வரைக்கும் எனக்குப் படம் வராது!"

ஸ்டூடியோக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "ஏம்மா, மனுஷன் இந்த வயசுல ஆசையாக் கத்துக்கறார். அரை மணி நேரம் சோப்பு இல்லாம இருக்க முடியாதா?"

"தப்புதான் சார். இனிமே திறக்க மாட்டேன்."

வாத்தியாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பல் டாக்டரின் படங்களில் குறை கண்டுபிடிக்க அடுத்த அறைக்குப் போனார்.

அவர் தலை மறைந்ததும் மனைவி தன் பையிலிருந்து தாள் டப்பாவை எடுத்தாள்.

"இது மொத்தமும் வீண் சார். புதுசா ஒண்ணு குடுங்க."

"ஏன், என்னாச்சு?"

"வாங்கின அன்னிக்கே பால்கனியில, உச்சி வெயில்ல உக்காந்து, நூறு தாள் சரியா இருக்கான்னு ஒவ்வொண்ணா எண்ணிட்டார்."

ஸ்டூடியோக்காரர் தலையில் கை வைத்தார். "வெயில்லயா! வெளிச்சம் படக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

"அது குளியலறைக்குள்ள போனப்புறம்தான்னு நினைச்சிருக்கார்."

"அப்போ நீங்க கதவைத் திறக்கலேன்னாலும் கறுப்பாத்தானே வரும்?"

"முதல் தாள் அப்படித்தான் வந்துச்சு. 'எனக்கு இது வராது'ன்னு உள்ளே முனகினார். இதே வார்த்தையைச் சொல்லித்தான் நீச்சலை விட்டார், புல்லாங்குழலையும் விட்டார். ஒவ்வொண்ணுக்கும் ஒரு மாசம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தார். எனக்குப் பொறுக்கலை. சட்டுனு கதவைத் திறந்துட்டேன். என்னைத் திட்டற வேகத்துல அடுத்த தாளை எடுத்துட்டார்."

"உண்மையைச் சொல்லியிருக்கலாமே?"

"கணக்கு வாத்தியார்கிட்டப் போய், எண்ணினதுதான் தப்புன்னு சொல்லவா?"

ஸ்டூடியோக்காரர் உள்ளே போய்ப் புது டப்பாவோடு வந்தார். கொடுக்கும்போது கை தயங்கியது.

"அம்மா, இதையும் எண்ணிட்டார்னா?"

"மேலேயே 'எண்ணியாச்சு, நூறு சரி'ன்னு எழுதி, சிவப்பு மையில ஒரு டிக் போட்டுடுங்க சார். அது ஒண்ணைத்தான் அவர் நம்புவார்!"